ஆறரை மார்க்

சண்முகவள்ளி, என் கையெழுத்து இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. வாசிக்க உனக்குச் சிரமம் இருக்காது. உன் அய்யாவைப் பிடித்துக்கொண்டு போனதில் எனக்கு என்ன பங்கு என்று கேட்டாய். கேட்டது நீ என்பதால் எழுதித் தருகிறேன்.

தொண்ணூற்றொன்றில் ஆர்.எஸ்.மங்கலம் பாட்டு நேயர் மன்றத்துக்கு நான்தான் செயலாளர். என் உரக்கடைதான் அலுவலகம். மாதம் ஒரு கேசட்டில் பத்துப் பாட்டுப் பதிவு செய்வேன். அது பஸ்ஸில் ஊர் ஊராகப் போய்வரும். கேட்டவர்கள் தபால் கார்டில் மார்க் எழுதி எனக்கு அனுப்ப வேண்டும். பாட்டின் பெயரை எழுதினால் இடம் போதாது; எண் மட்டும் போதும் என்று விதி வைத்தேன். எந்த எண் எந்தப் பாட்டு என்ற பட்டியல் கேசட்டோடு போய், கேசட்டோடு என்னிடம் திரும்பிவிடும்.

உன் அய்யா வீரையா என் வயலில் வேலை பார்த்தவன். அவனை மன்றத்தில் சேர்த்ததே நான்தான். அதை நான் சொல்லிக்காட்டியதில்லை. ஆறே மாதத்தில் எல்லோரும் அவன் மார்க்குக்குக் காத்திருந்தார்கள். நான் ஒன்பது போட்ட பாட்டுக்கு அவன் மூன்று போட்டான். கூட்டத்திலேயே காரணம் கேட்டேன்.

“பாட்டு நல்ல பாட்டுத்தாண்ணே. பாடுனவருக்குத்தான் அதுல மனசு இல்ல,” என்றான்.

எல்லோரும் தலையாட்டினார்கள். இரண்டு பேர் அங்கேயே தங்கள் மார்க்கைக் குறைத்துக்கொண்டார்கள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன்பிறகு அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். பாட்டுக்கு யாராவது ஆறரை போடுவார்களா? அந்த அரை எதற்கு? பெரியபட்டினத்து மீன் வியாபாரி கனி பாயும் மன்றத்தில் இருந்தார். அவரும் இவனும் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டிருப்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். ஒருநாள் தபால்காரர் முனியசாமி, எங்கள் தெருக் கடிதங்களை வழக்கம்போல என் கடையில் வைத்துவிட்டுப் போனார். அதில் கனி பாய் உன் அய்யாவுக்கு எழுதிய கார்டு இருந்தது. ‘4க்கு ஆறரை. 7க்கு ஒன்பது. 2க்கு மூணு. நீங்க சொன்னதுதான் சரி. அடுத்தது வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருது.’

எனக்கு வரவேண்டிய மார்க் அவனுக்குப் போய்க்கொண்டிருந்தது. என் மன்றத்துக்குள் இன்னொரு மன்றம்.

அந்த வருஷம் கடற்கரை முழுக்கக் கெடுபிடி. அக்கரைக்கு, இலங்கைக்குச் சாமான் கடத்துவது யார் என்று போலீஸ்காரர்கள் ஊர் ஊராக விசாரித்தார்கள். வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அந்தக் கார்டைக் காட்டினேன். இந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும் என்றேன்.

மறுநாள் காலை உன் அய்யாவை வயலிலிருந்து கூட்டிப்போனார்கள். கனி பாயையும்தான். மூன்றாம் நாள் உன் அம்மா இராமலட்சுமி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைக்கு வந்தாள்.

“பாட்டு லிஸ்டக் காட்டுனா விட்டுருவாகளாம்ணே. அது ஒங்ககிட்டத்தான் இருக்குன்னு அவுக சொல்லிவிட்டாக.”

தேடிப் பார்க்கிறேன் என்றேன். பட்டியல் என் சட்டைப் பையில் இருந்தது. வீட்டுக்குப் போய் அடுப்பில் போட்டேன். கரையான் அரித்துவிட்டதாக மறுநாள் சொல்லியனுப்பினேன். அதன்பிறகும் நாலு தடவை வந்தாள்; ஒவ்வொரு தடவையும் மோர் கொடுத்துத்தான் அனுப்பினேன். மன்றத்துக்காரர்கள் பயந்து வாய் திறக்கவில்லை. வீட்டிலிருக்கும் பழைய கார்டுகளைக் கொளுத்திவிடச் சொல்லி அவர்களிடம் போனதும் நான்தான்.

எட்டு மாதம் கழித்து உன் அய்யா வந்தான். காதோடு சேர்த்து அடித்திருக்கிறார்கள். இரண்டு காதும் போய்விட்டன. இவ்வளவு தூரம் போகும் என்று தெரியாது என எழுதினால் நீ நம்பிவிடுவாய். அப்போதே எனக்குத் தெரியும்.

ஆனால் நான் அவனைக் கைவிடவில்லை. பதினேழு வருஷமாக ஞாயிறுதோறும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பாட்டுப் போடுகிறேன். என் மார்க்கைத் தாளில் எழுதிக் காட்டுகிறேன். ஒரு தடவைகூட அவன் மறுத்ததில்லை. கடைசியில் எங்கள் இருவருக்கும் ரசனை ஒத்துப்போய்விட்டது.