திரும்ப வரச் சொல்லவும்

— பதினோரு மாசத்துக்கு முன்னாடி என் மாரு படத்தப் பாத்துட்டு, கட்டி இருந்தத கவனிக்காம உட்ட டாக்டரு யாரு? பேர வாங்காம இந்த நாற்காலிய உட்டு எழுந்துக்க மாட்டேன் சிஸ்டரு.

— பொறுங்க ஜுலைகாம்மா. அதுக்குத்தானே பழைய படத்தத் திரும்பப் பாக்கச் சொல்லியிருக்கோம். ரெண்டு மேமோகிராமுக்கு நடுவுல கேன்சர் வந்தா தனி ரிஜிஸ்டர். அப்பவே இருந்துச்சா, அப்புறமா வந்துச்சான்னு எழுதணும்.

— அப்பவே கீது. நான் பூந்தமல்லி துணிக்கடைக்காரி. பீஸுல ஒரு இழை உட்டிருந்தாலும் காட்டி வெலயக் கொறைப்பேன். அந்தாளு கண்ணுக்கு இம்மாம் பெரிய கட்டி தெரியலியாம். எனக்கு ஒரு மாரு போச்சு, அவரு டாக்டரு போர்டு எறங்க வேணாவா?

— விடு ஜுலைகா, விடு. எதுக்கு கோர்ட்டு கேசு? ஆட்டோ நிக்கிது, ஊட்டுக்குப் போலாம்.

— நீங்க சும்மா இருங்க. காடாத்துணிக்கு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவீங்க, பொண்டாட்டி மாருக்கு வாயத் தொறக்க மாட்டீங்களா?

— இதோ ரிப்போர்ட் வந்துருச்சும்மா. ரெண்டு டாக்டருங்க தனித்தனியாப் பாத்திருக்காங்க. அப்பவே நெல்லு அளவுக்கு ஒரு சந்தேகம் இருந்திருக்கு.

— கேட்டுக்கினீங்களா? மாட்னான்.

— பொறுங்க. அன்னைக்குப் பாத்த டாக்டரும் அதத்தான் எழுதியிருக்கார். ‘திரும்ப வரச் சொல்லவும்’னு.

— எனக்கு யாரும் சொல்லலியே. கூப்புடலன்னா நல்லா கீதுன்னு அர்த்தம், ரெண்டு வருஷம் கழிச்சு வான்னுதானே அனுப்புனீங்க?

— மூணு தடவை கூப்பிட்டிருக்கோம்மா. ஃபாரத்துல நீங்க குடுத்த நம்பருக்கு.

— அது கடை நம்பராச்சே. பொம்பள நம்பர வெளிய குடுக்கக் கூடாதுன்னு இவருதான்...

— ஜுலைகா, ஆட்டோக்காரன் போயிருவான். எழுந்திரு.

— உக்காருங்க. சிஸ்டரு, யாரு பேசுனாங்கன்னு எழுதிக்கீதா?

— இருக்கும்மா. ‘பேசியவர் கணவர். பெருநாள் வியாபாரம் முடிந்ததும் அழைத்து வருவதாகச் சொன்னார். இரண்டாம் முறையும் அதே பதில். மூன்றாம் முறை: நன்றாக இருக்கிறாள், இனிமேல் கூப்பிட வேண்டாம்.’

— புள்ள, சீசன்ல நீ இல்லாம பொம்பளைங்க கூட்டத்த யாரு சமாளிப்பா? சின்னதுன்னுதான் சொன்னாங்க...

— சிஸ்டரு, அந்தப் பக்கத்த ரெண்டு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்க. ஒண்ணு ஜமாத்துக்கு. இன்னொண்ணு கடையில, வர்ற பொம்பளைங்க படிக்கிற ஒசரத்துல ஒட்றதுக்கு.