தனியாக நின்ற கிராஃப்

கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டு போகும் பஸ். முன்சீட்டுப் பெண் தோழியிடம் சொன்னாள்: "என் கிராஃப் வூட்டுக்குள்ள வரமாட்டேங்குதுடி. வெளியவே நிக்குது."

நான் படித்தது நாலாங்கிளாஸ்தான். ஆனாலும் மூன்று லாரிக்கு முதலாளி, எஞ்சின் சத்தத்திலேயே கோளாறு சொல்வேன். காதைக் கொடுத்தேன்.

"இன்னாடி உளர்ற?"

"கம்ப்யூட்டர்ல ஒரு ஜன்னல் பண்ணியிருக்கேன். பட்டன் எல்லாம் அதுல கீது. கிராஃப் போடற புரோகிராம் மட்டும் வேற ஜன்னல் தொறந்து அங்க வரையுது. நாளைக்கு ஆபீசர் வரார். ஒரே ஜன்னல்ல காட்டலைன்னா என் டெம்பரவரி வேலை இந்த மாசத்தோட சரி."

"படமா எடுத்து உள்ள ஒட்டேன்."

"ஒட்டினேன். ஜன்னலைப் பெரிசாக்கினா எழுத்தெல்லாம் மங்கிப் போவுது. அவரு இழுத்து இழுத்துப் பாக்கற ஆளு."

தோழி யோசித்தாள்.

"லூசு, அந்தப் புரோகிராமை ஏன் வரையச் சொல்ற? எப்படி வரையணும்னு எழுதிக் குடுக்கச் சொல்லு. இங்கேருந்து அங்க கோடு, இங்க எழுத்துன்னு. உன் ஜன்னல் அதைப் படிச்சுத் தானே வரைஞ்சுக்கும்."

"அப்படி எழுதிக் குடுக்குமா?"

"மேனுவல்ல கீதுடி. முழுசா எவ படிக்கிறா?"

"நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"நீ இன்னிக்குத்தானே வாயைத் தொறந்த!"

கிராஃப்காரப் பெண் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "அண்ணாத்த, நிறுத்துங்க!"

"செங்கல்பட்டு டிக்கெட்டும்மா" என்றார் கண்டக்டர்.

"இல்லண்ணா, ஆபீசுக்கே திரும்பிப் போவணும்."

திருக்கழுக்குன்றம் வருமுன்பே இறங்கி, எதிர்ப்பக்கம் ஓடினாள். தோழி தலையை வெளியே நீட்டிக் கத்தினாள்: "உங்கம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ ஓடு!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணுக்குக் கல்பாக்கம் பஸ் கிடைக்கிறதா என்று, வளைவு மறைக்கும்வரை திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.