பத்து லட்சத்து ஒண்ணு

இல்ல தம்பி, மார்க் கூட்டல்ல ஒரு தப்பும் இல்ல. நான் சொல்றது பதினாலாவது கேள்வி. விடைத்தாள் நகலைக் கொஞ்சம் இப்படித் திருப்புங்க. பத்து லட்சத்து ஒண்ணு பகா எண்ணா, இல்லையான்னு கேட்டிருக்காங்க. எம் பொண்ணு இல்லைன்னு எழுதியிருக்கா. சைபர் போட்டிருக்கு.

விடைக்குறிப்புல பகா எண்ணுன்னுதான் இருக்கு, எனக்கும் தெரியும். அந்தக் குறிப்பே தப்புன்னுதானே காலையிலேர்ந்து இந்தப் பரீட்சை ஆபீஸ்ல ஒவ்வொரு ஜன்னலா நின்னு கத்திட்டிருக்கேன். இங்க போ, அங்க போன்னு இப்ப உங்ககிட்ட அனுப்பியிருக்காங்க.

பகா எண்ணுன்னா ஒண்ணையும் தன்னையும் விட்டா வேற எதாலயும் மீதியில்லாம வகுபடாது. அவ்வளவுதான். ஆனா இந்த நம்பர் இருக்கே, ஆளை ஏமாத்தவே பொறந்த மாதிரி. மூணால வகுத்தா ரெண்டு மீதி. ஏழால வகுத்தாலும் ரெண்டு. பதினொண்ணு, பதிமூணு, எல்லாத்துக்கும் அதே ரெண்டு. குறிப்பு எழுதுன மனுஷன் அதோட சலிச்சுப்போய்ப் பேனாவை மூடிட்டாரு போல. இவ விடாம நூத்தி ஒண்ணு வரைக்கும் போயிருக்கா. உங்க கால்குலேட்டர்ல போடுங்க. நூத்தி ஒண்ணைப் பெருக்கணும், ஒம்பதாயிரத்துத் தொள்ளாயிரத்து ஒண்ணால. என்ன வருது?

ம். அதேதான்.

ரெண்டு மார்க்குதானேன்னு சொல்லாதீங்க. அந்த ரெண்டுலதான் அவ ஆசைப்பட்ட படிப்பு கைநழுவிப் போச்சு. இனிமே கணக்கே வேண்டாம், வேற எதுலயாவது சேத்துவிடுங்கங்கிறா. சரியாத்தானேம்மா போட்டேன்னு எங்கிட்ட கேட்டா. குறிப்புல வேற மாதிரி இருக்கு, விட்டுடுன்னு சொல்லிட்டேன். ஆமா, நான்தான் சொன்னேன். நான் கணக்கு டீச்சர். நான் சொன்னா நம்புவா. நம்பிட்டா.

திருத்துனவங்களுக்குக் கணக்கு தெரியாதான்னா, நல்லாவே தெரியும். அந்தப் பக்கத்து ஓரத்தைப் பாருங்க, பென்சில்ல பெருக்கி அழிச்ச தடம். சரின்னு தெரிஞ்சுதான் சைபர் போட்டிருக்கு. குறிப்பு தப்புன்னு மேல போய்ச் சொன்னா, எந்தத் தாள்ல பார்த்தீங்கன்னு கேப்பாங்கல்ல. அந்தத் தாளை அவங்க தொட்டிருக்கவே கூடாது. சொந்தப் பிள்ளையோட தாள் கட்டுல வந்தா உடனே திருப்பிக் குடுக்கணும், அதான் விதி.

பேரு இருக்காதுதான் தம்பி. எழுத்து தெரியாதா? நாலு வயசுல கையைப் பிடிச்சு எழுத வச்ச எழுத்து. எப்படி எழுதியிருக்கான்னு பார்க்கணும்னு இருந்துச்சு, கீழ வைக்க மனசு வரல.

வேலை போகும், தெரியும். நாளையோட சேர்க்கை முடியுது, நீங்க ஃபாரத்தை நிரப்புங்க. திருத்தியவர் பேருன்னு ஒரு கட்டம் காலியா இருக்குல்ல, அதுலயும் எம் பேரையே எழுதிக்கோங்க.