இரண்டாவது பொம்மை

பருப்புக் கூழில் உப்பு கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், தம்பி. உன் அக்கா இருந்தவரை நான் அடுப்புப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ரொட்டியை நிறையச் சேர்த்துக்கொண்டு சாப்பிடு, உப்பு தெரியாது. ஆராத் கோட்டையிலிருந்து இரண்டு நாள் நடந்து வந்திருக்கிறாய். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம் என்றால் கேட்க மாட்டேன் என்கிறாய். சரி, நீ சாப்பிடு, நான் சொல்கிறேன். எனக்கும் ஒருவர் எதிரே உட்கார்ந்து ஒரு மாதமாகிறது.

மரேசா ஊருக்குள் நுழைந்ததுமே உன்னிடம் சொல்லியிருப்பார்கள். குயவன் மல்கியா ராஜாவின் கட்டளைப்படி நடந்தான், விக்கிரகம் வைத்திருந்தவள் சொந்தப் பெண்டாட்டி என்றுகூடப் பார்க்கவில்லை என்று. இப்போதெல்லாம் ஊர் வாசலில் மூப்பர்கள் என்னைக் கண்டால் நகர்ந்து இடம் விடுகிறார்கள். உட்கார்ந்த பிறகு ஒவ்வொருவராக எழுந்து போய்விடுகிறார்கள், அது வேறு விஷயம். நான் குறை சொல்லவில்லை.

எங்கள் பெண் குழந்தை நாற்பதாம் நாள் காய்ச்சலில் போனது உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அபித்தாள் என்னிடம் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். சண்டையெல்லாம் இல்லை. கேட்டால் பதில் சொல்வாள், வேளைக்குச் சோறு போடுவாள், அவ்வளவுதான். ஒரே வீட்டில் ஒருத்தி அப்படி நடமாடிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும் என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நீ இன்னும் கல்யாணம் ஆகாதவன்.

மனசு கேட்காமல் ஒரு தாய்த்தெய்வப் பொம்மை செய்து கொடுத்தேன். அப்போது எல்லா வீட்டிலும் இருந்ததுதான். கீழே தூண் மாதிரி உடம்பு, இரண்டு கையும் மார்பைத் தாங்கியிருக்கும். தலையை மட்டும் அச்சில் அழுத்தி எடுத்துக் கழுத்தில் செருக வேண்டும். விற்பதற்குச் செய்யும்போது இவ்வளவு பாடுபட மாட்டேன். இதற்கு மட்டும் மூக்கையும் உதட்டையும் முள்ளால் கீறிக் கீறித் திருத்தினேன். அதைச் சுவர் மாடத்தில் வைத்துப் பொழுது சாயும் நேரத்தில் அதனிடம் பேச ஆரம்பித்தாள்.

சுவருக்கு அந்தப் பக்கம்தான் என் சக்கரம். ஒரு வார்த்தை விடாமல் கேட்கும். பால் வற்றிப்போனது, குழந்தையின் துணியை இன்னும் துவைக்காமல் வைத்திருப்பது, எல்லாம் சொல்வாள். என்னைப் பற்றியும் சொல்வாள். "முதுகு வலிக்குதுன்னு வாய் தெறந்து சொல்ல மாட்டாரு. குனிஞ்சு எந்திரிக்கறதப் பாத்தாலே எனக்குத் தெரியும்" என்றாள் ஒருநாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் முகத்தைப் பார்த்துச் சொல்லாவிட்டால் என்ன, என் கை செய்ததிடம்தானே சொன்னாள். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. நாங்கள் நன்றாகத்தான் இருந்தோம்.

பிறகு ராஜாவின் ஆட்கள் வந்தார்கள். மலைமேல் இருந்த பலிபீடத்தை இடித்தார்கள். எருசலேம் ஆலயத்தில் அகப்பட்ட சட்டச் சுருள் என்று சொல்லி வாசலில் நின்று காலையிலிருந்து வெயில் ஏறும்வரை வாசித்தார்கள். கர்த்தரைத் தவிர வேறு எதையும் வணங்க மாட்டோம் என்று ஊரே ஆமென் சொன்னது. நானும் சொன்னேன். வீட்டுக்கு வீடு பொம்மைகளைக் கொண்டுவந்து போட்டு உடைத்தார்கள். பாதிப் பெண்கள் அழுதுகொண்டே உடைத்தார்கள். அபித்தாள் அழவில்லை. முதல் ஆளாகப் போய் ஒரே போடாகப் போட்டு, காலால் மிதித்துத் தூளாக்கிவிட்டு வந்தாள். அந்த மூக்கை நான் செய்ய எவ்வளவு நேரமாயிற்று என்று அவளுக்குத் தெரியும்.

அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் மாடியில் நின்றுகொள்வாள். எருசலேம் இருக்கும் திக்கைப் பார்த்து நிற்பாள். உதடு அசையும், சத்தம் வராது. ஏணியில் பாதி ஏறி நின்றெல்லாம் கேட்டுப் பார்த்தேன். இறங்கி வரும்போது முகம் தெளிந்திருக்கும். அப்படி ஒரு முகத்தை அவள் எனக்குக் காட்டிப் பல வருஷமாகியிருந்தது. கர்த்தர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, தம்பி. ஆனால் அவர் கண்ணுக்குத் தெரியாதவர். அவரை நான் செய்யவில்லை. அவர்கள் இருவருக்கும் நடுவில் எனக்கு இடமே இல்லாமல் போயிற்று. வயிறு எரிந்தது என்றே வைத்துக்கொள்.

தலை அச்சை மட்டும் நான் ராஜாவின் ஆட்களிடம் கொடுக்கவில்லை. வாற்கோதுமை அறுப்பு முடிந்ததும் அதை எடுத்து இரண்டாவது பொம்மையைச் செய்தேன். முதலாவதைவிட நன்றாக வந்தது. மாடத்தில் வைத்துவிட்டு, அவள் தண்ணீர் எடுத்து வரும்வரை காத்திருந்தேன். ஆசையாகத்தான் செய்தேன், அதை நீ நம்ப வேண்டும்.

அவள் குடத்தை இறக்கவே இல்லை. நின்றபடியே கேட்டாள், இது ஏது என்று. உனக்காகத்தான், பழையபடி இதனிடம் பேசு, யாருக்குத் தெரியப்போகிறது என்றேன்.

"வாசல்ல நின்னு ஆமென்னு சொன்னீங்களே" என்றாள். பிறகு, "எடுத்துப் போட்டுடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று உனக்குத் தெரியும், உன் கோட்டையிலும் அந்தச் சுருளை வாசித்திருப்பார்கள். வேறு தெய்வத்தை வணங்கலாம் வா என்று ரகசியமாக இழுப்பது அண்ணன் தம்பியானாலும் சரி, மார்பில் சாய்பவளானாலும் சரி, இரக்கம் பார்க்காமல் ஊரிடம் சொல்லிவிட வேண்டும். சொன்னவன் கைதான் முதல் கல்லை எறிய வேண்டும். இழுத்தது நான். சொல்ல வேண்டியவள் அவள். அவள் சொல்ல மாட்டேன் என்றால் சொல்லத்தான் மாட்டாள், சிறுவயதிலிருந்தே அப்படித்தான் என்று நீயே ஒருமுறை சொல்லியிருக்கிறாய். எனக்கு அந்தப் பயம் இல்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. பரிதாபம். சொறிபிடித்த ஆட்டைப் பார்ப்பது மாதிரி. ரொட்டியைப் பிட்டுத் தரும்போதும் அதே பார்வை. எனக்காகவும் சேர்த்து மாடியில் அதிக நேரம் நின்றாள் என்று நினைக்கிறேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பொம்மையை நான் எடுக்கவில்லை. தினமும் கேட்டாள். நான்காம் நாள், மாவு பிசைந்து வைத்துவிட்டுத் தானே ஓடைக்குக் கொண்டுபோய் உடைத்துவிடப் போவதாகச் சொன்னாள். பிசைந்து முடிக்க எவ்வளவு நேரமாகும் என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டுச் சக்கூரிடம் போனேன். ஒரே ஒரு சாட்சியை வைத்து யாரையும் சாகடிக்க முடியாது, இரண்டு பேர் வேண்டும். சூளையில் விரிசல் விட்டிருக்கிறது, வந்து பாருங்கள் என்று கூப்பிட்டேன். நாங்கள் முற்றத்துக்குள் நுழையவும் அவள் பொம்மையை, தலை மட்டும் வெளியே தெரிய, முந்தானையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வரவும் சரியாக இருந்தது.

"அம்மா, இது என்ன?" என்றார் சக்கூர். அவள் என்னைப் பார்த்தாள். நான் சக்கூரைப் பார்த்து, "பாத்துட்டீங்கல்ல" என்றேன். சக்கூர் மேல் கோபப்படாதே. கண்ணால் கண்டதைத்தான் அந்த மனிதர் சொன்னார், அதையும் அழுதுகொண்டே சொன்னார்.

வாசலில் மூப்பர்கள் இதை யார் கொடுத்தது என்று அவளிடம் மூன்று முறை கேட்டார்கள். வாயைத் திறக்கவில்லை. சொல்ல மாட்டேன் என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தாள் அல்லவா? நான் சொல்லியிருக்கலாம். என் கை வேலை எது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். பழைய சரக்கு, உடைக்காமல் ஒளித்து வைத்திருக்கிறாள் என்றேன். மூப்பர்களுக்கு அது போதுமாக இருந்தது.

மதிலுக்கு வெளியே கொண்டுபோனார்கள். சுண்ணாம்புக் கல் ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார்கள். அவள் எருசலேம் திக்கைத்தான் பார்த்து நின்றாள். அங்கேயும் உதடு அசைந்தது. அவ்வளவு ஆன பிறகும் அவரிடம்தான். அப்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், தம்பி. திட்டியிருந்தால்கூடப் போதும். கல்லைக் கீழே போட்டுவிட்டு, செய்தவன் நான்தான், என்னை எறியுங்கள் என்று சொல்லியிருப்பேன். ஒரு மாதமாக இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவள் பேசவில்லை, அதனால்தான்.

என்ன? சக்கூர் உன்னிடம் வேறு மாதிரி சொன்னாரா?

சரி. அவர் என் பக்கத்தில்தான் நின்றார். இரண்டாவது சாட்சி என்று அவர் கையிலும் ஒரு கல்லைக் கொடுத்திருந்தார்கள்.

கூப்பிட்டாள். இரண்டு தரம் கூப்பிட்டாள். என் பேரைச் சொல்லித்தான், பழையபடி. அப்போது கல் இன்னும் என் கையில்தான் இருந்தது.