உப்பளத்து ரோட்டில் சொன்ன பெயர்

பகல் மூன்று மணி. எண்ணூர் உப்பளத்து ரோடு. இந்தப் பக்கம் பாத்தி, அந்தப் பக்கம் பாத்தி, நடுவில் ஒற்றை மண் ரோடு... ஒதுங்கி நிற்க ஒரு மரம் கிடையாது. ஆள் நடமாட்டமும் இல்லை.

சிரிக்காதே ராசையா. பேய் என்றால் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வர வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது? மழை விடுகிற வரைக்கும் யாரும் மூட்டை தூக்கப் போவதில்லை. லாந்தரை இப்படிக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, வாயை மூடிக்கொண்டு கேள்.

இது என் தோஸ்து அத்தாவுல்லாவின் அக்கா புருஷன் சௌக்கத் அலிக்கு நடந்தது. போன வருஷம், ஐம்பத்திரண்டில். ராயபுரத்துக்காரர். நம்மைப் போலத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், எழுதப் படிக்கத் தெரியாது. பெற்றது மூன்று, புதைத்தது இரண்டு. மிச்சம் சாபிரா ஒருத்திதான். ஏழு வயசு. அவளும் போய்விட்டால் தான் எதற்கு இருக்க வேண்டும் என்று நினைக்கிற மனுஷன் அவர்.

பராத் பண்டிகை அன்றைக்கு முன்னோர்களின் கபருகளை, அதாவது சமாதிகளை, பார்க்கப் போனபோது அவளையும் கூட்டிப்போனார். சௌக்கத் அலியின் தாத்தா காசிமின் கபர் மேல் குழந்தை தெரியாமல் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே காய்ச்சல். மூன்றாம் நாள், கண்ணை மூடியபடியே பேச ஆரம்பித்தாள். கரகரவென்று... கிழவன் குரல்.

"வேற எவளோ பெத்த புள்ளன்னு கூப்ட்டாங்க... நான் போவல. எங்கம்மா பேரச் சொல்லுங்கடா..."

டாக்டர் ஊசி போட்டுப் பார்த்தார். கையை விரித்துவிட்டார். சௌக்கத் அலி பள்ளிவாசலுக்கு ஓடி ஹஜரத்திடம் அழுதார்.

உங்களுக்கு இது தெரியாது, சொல்கிறேன். முஸ்லிம்களில் ஒருவரை அடக்கம் செய்ததும், கபர் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ன தாயின் மகனே என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். மண்ணுக்குள் வானவர்கள் வந்து கேட்கிற கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். தகப்பன் பெயர் இல்லை... தாய் பெயர்.

ஹஜரத், செத்தவர்கள் பெயர் எழுதிவைக்கிற பழைய மையத்துப் பதிவேட்டை எடுத்தார். காசிமுக்கு நேரே, தாய் ஹலீமா என்று இருந்தது. சந்தேகப்பட்டு நிக்காஹ் பதிவேட்டையும் புரட்டினார். காசிம் பிறந்து நாலு வருஷம் கழித்துத்தான் ஹலீமாவுக்கே நிக்காஹ் நடந்திருக்கிறது.

"இது சித்தி பேருப்பா. பெத்தவ பேர மறைச்சிட்டுக் கீறாங்க," என்றார் ஹஜரத்.

காசிம் பிறந்தது எண்ணூர்ப் பக்கம் என்று மட்டும் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. சௌக்கத் அலி வேலையை விட்டுவிட்டு நாலு நாள் அங்கே அலைந்தார். ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினார். போ போ என்றார்கள். கடைசியில் அருள்பிரகாசம் என்ற குமாஸ்தா இரக்கப்பட்டு, பரண் மேல் கரையான் தின்றது போக மிச்சமிருந்த அம்மை குத்திய பதிவேட்டை இறக்கிப் படித்தார்.

"காசிம், வயசு ஒண்ணு. தாயார் பூமாரி, உப்பளக் கூலி, நெட்டுக்குப்பம். இவ்ளோதான்யா கீது."

ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வாங்கியிருக்கலாம். அந்தப் பதற்றத்தில் அது தோன்றவில்லை. பெயர் மறந்து போய்விடுமோ என்ற பயத்தில் அந்த உப்பளத்து ரோடு முழுக்க வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தார். பூமாரி... பூமாரி... பூமாரி...

அரை மைல் போயிருப்பார். சளப்... சளப்... பின்னால் ஈரக் கால் நடக்கிற சத்தம். இவர் நின்றார். அதுவும் நின்றது. காற்றே இல்லை, ஆனால் சேற்று வாடை பிடரியில் வந்து மோதியது. அவர் திரும்பவில்லை. என் குழந்தை பிழைத்தால் போதும், பின்னால் எது வந்தால் எனக்கென்ன என்று இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே ஓடினார்.

பொழுது சாய்வதற்குள் ஹஜரத்தைக் கூட்டிக்கொண்டு கபருக்குப் போனார். ஹஜரத் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டார். பூமாரியின் மகனே, காசிமே...

வீட்டுக்கு வந்தால் சாபிரா எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். சொந்தக் குரலில் வாப்பா என்று கூப்பிட்டாள். அவர் வாசற்படியிலேயே உட்கார்ந்து விக்கி விக்கி அழுதாராம்.

மூன்றாம் நாள், பட்டப்பகல். சௌக்கத் அலி வேலைக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டுச் சிறுமிகள் இரண்டு பேர் உள்ளே சாபிராவோடு அஞ்சாங்கல் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் பெண்சாதி அஜீசுன்னிசா வாசலுக்கு முதுகு காட்டியபடி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு பெண் குரல்.

"எம் புள்ள இங்க கீதாம்மா?"

சிறுமிகளின் அம்மா யாரோ என்று நினைத்தாள். கண்ணில் புகை வேறு. திரும்பாமலே சொன்னாள்.

"உள்ளதான் வெளையாடிகினு கீது. கூட்டிகினு போம்மா."

சளப்... சளப்... அவளைத் தாண்டி உள்ளே போனது. தண்ணீர்க் குழாயிலிருந்து வருகிறாள் போல என்று விட்டுவிட்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சத்தமே இல்லை. கல் விழுகிற சத்தம்கூட இல்லை.

போய்ப் பார்த்தாள். சிறுமிகள் இரண்டு பேரும் மூலையில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சாபிரா பாயில் படுத்திருந்தாள். மூச்சு இல்லை.

"ஒரு அம்மா வந்துச்சு... சாபிராவ காசிமுன்னு கூப்ட்டு, மடில போட்டுகினு பால் குட்த்துச்சு," என்றாள் ஒருத்தி.

சாபிராவின் உதட்டைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அஜீசுன்னிசா அதை விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்... உப்பு.