அப்பப்பா போட்ட வோட்டு

ஜெர்மனியில், எசன் நகருக்குப் போகும் ரயிலில் எனக்கு எதிரே ஒரு யாழ்ப்பாணத் தம்பதி. கணவரின் மடியில் குடியுரிமைச் சோதனைக்கான கேள்விப் புத்தகம். சோதனைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. நான் வழக்கம்போல் போனைப் பார்ப்பதாக நடித்துக்கொண்டிருந்தேன்.

“அந்தக் காலத்து அமெரிக்காவிலை எண்டால், அப்பான்ரை அப்பா, அப்பப்பா, வோட்டுப் போட்டிருந்தாலே காணுமாம், சோதினை இல்லை,” என்றார் மனைவி.

“ஆர் சொன்னது?”

“பிள்ளையின்ரை சரித்திரப் புத்தகம். அடிமையளை விடுதலை செய்தாப் பிறகு, கறுப்பு ஆக்களைத் தடுக்கிறதுக்கு, வோட்டுப் போடக் காசு கட்டோணும், சட்டம் வாசிச்சு விளங்கப்படுத்தோணும் எண்டு வச்சவங்களாம். எழுத வாசிக்கத் தெரியாத ஏழை வெள்ளையளும் மாட்டுப்பட்டிட்டினம். உடனை, அப்பப்பா வோட்டுப் போட்டிருந்தால் சோதினை இல்லையெண்டு எழுதிப்போட்டாங்கள். கறுப்பு ஆக்களின்ரை அப்பப்பா அடிமையெல்லோ.”

“என்ரை அப்பப்பா எல்லாத் தேர்தலிலையும் போட்டவர்.”

“அது ஊர்க் கிராமச்சபைக்கு. இஞ்சை செல்லாது. நீங்கள் படியுங்கோ.”

டிக்கெட் பரிசோதகர் வந்தார். கணவர் டிக்கெட்டை நீட்டியபடியே, இந்த நாட்டின் சான்சலரை, அதாவது பிரதமரை, தேர்ந்தெடுப்பது யார் என்று அவரிடம் ஜெர்மனில் கேட்டார்.

“நாங்கள்தான், மக்கள்,” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

கணவர் புத்தகத்தைப் புரட்டினார். “பிழை. பாராளுமன்றம்.”

“பேசாமல் இருங்கோ,” என்றார் மனைவி. “அவரின்ரை அப்பப்பா வோட்டுப் போட்டவர்.”

பதில் மக்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு இந்த நாட்டில் அப்பப்பாவும் இல்லை. அடுத்த கேள்வி என் பக்கம் வருமுன் கண்ணை மூடித் தூங்கத் தொடங்கினேன்.