கையைக் கோத்து இழு

— நீ சொன்னாதான்டா உங்க மாமா நம்புவார். நான் சொன்னா, 'நீ என்ன டாக்டரா, பஸ் ஓட்டறவதானே'ன்னு என் வாயை அடைச்சுடறார்.

— நானும் டாக்டர் இல்லக்கா. ஆராய்ச்சிக்கூடத்துல கால் நரம்பை அளக்கறவன்.

— அது போதும். டிப்போ படியில விழுந்ததுலேருந்து இடுப்புக்குக் கீழ எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா அவர் என் முட்டிக்குக் கீழ தட்டுவார், கால் உதைக்கும். உடனே 'வந்துடுச்சு, வந்துடுச்சு'ன்னு ஒரே குதி. வேலைக்குப் போகாம நாள் பூரா என் முட்டியையே தட்டிட்டு உக்காந்திருக்கார்.

— தட்டினா உதைக்கத்தான் செய்யும். அதாவது, முதுகுத்தண்டு வரைக்கும் போயிட்டு அங்கேருந்தே திரும்பி வர்ற விஷயம் அது. மூளையைக் கேக்கறதே இல்ல.

— அதைத்தான் அவர்கிட்ட சொல்லித் தொலை. திங்கக்கிழமை வரலேன்னா வேற ஆளை வச்சுக்கறோம்னு அவர் கம்பெனியில சொல்லிட்டாங்க. கால்தான் போச்சு, அடுப்புமா அணையணும்?

— மாமா எங்க?

— வராந்தாவுல. உள்ள இருந்தா கை சும்மா இருக்காது அவருக்கு. நீ ஆரம்பி.

— முட்டிக்குப் பின்னாடி சின்னதா ஷாக் குடுப்பேன். கெண்டைக்கால் துடிக்கும், அது இந்தத் திரையில கோடா வரும்.

— குடு. எனக்கென்ன வலிக்கவா போகுது?

— இது வலது. இன்னொரு தடவை. இன்னொண்ணு. இப்ப இடது.

— அடேயப்பா, ரெண்டு பக்கமும் ஒரே உயரம்! வீல் அலைன்மென்ட் பாத்து விட்ட வண்டி மாதிரி இருக்கு. நல்லதுதானே?

— ம்.

— என்ன 'ம்'? மென்னு முழுங்காம சொல்லு.

— நல்லதில்லக்கா. என் காலை அளந்தா ரெண்டும் இவ்வளவு ஒண்ணா வராது. ஒரே கால்கூட ஒரு தடவை ஏறும், ஒரு தடவை இறங்கும். அதாவது, மேலேருந்து மூளை ஏதாவது சொல்லிட்டே இருக்கும். சொல்ல ஆளில்லேன்னா இப்படி மாறாம வரலாம்.

— ஆக, லைன் கட்.

— அப்படித்தான் தோணுது.

— எனக்குத் தெரிஞ்சதுதானே. நீ எதுக்கு மூக்கை உறிஞ்சறே? போய் அவரைக் கூப்பிடு.

— இரு அக்கா, இன்னும் ஒண்ணு பாக்கி. ரெண்டு கை விரலையும் கோத்துக்கோ. நான் சொல்றப்ப கையை விடாம ரெண்டு பக்கமும் இழு.

— கால் போனவளுக்குக் கையில என்னடா வேலை?

— நல்லா இருக்கறவங்க அப்படி இழுத்தா கால் துடிப்பு பெருசாகும். மேலேருந்து கீழ வழி இருந்தாதான் அது நடக்கும். இழு! வலது... அதே உயரம்தான்.

— சொன்னேன்ல.

— இப்ப இடது. இழு!

— என்னாச்சு? ஏன் எழுந்துட்டே?

— கால்ல ஒட்டின பட்டை நழுவியிருக்கும். வேற ஒட்டறேன். கையை விடு, சும்மா இரு... பழைய உயரம். ம், இப்ப இழு!

— ஸ்டியரிங்கே வளையற மாதிரி இழுக்கறேன். என்ன தெரியுது, சொல்லித் தொலையேன்.

— ஒரு நிமிஷம். ஒயர்ல தப்பான்னு பாக்க, வலது பக்க ஒயரை இடதுக்கு மாத்திக்கறேன். இழு அக்கா. விடு. இழு. விடு.

— ஏன்டா திரும்பத் திரும்ப இழுக்கச் சொல்றே?

— வலது கால் அப்படியேதான் இருக்கு. இடது மட்டும் நீ இழுக்கறப்பல்லாம் ஏறுது. விட்டா இறங்குது.

— மிஷின் கோளாறு.

— நீ கையை இழுக்கறது மிஷினுக்கு எப்படித் தெரியும்?

— அப்ப?

— நீ நடப்பேன்னு நான் சொல்லல. அதை இப்ப யாராலயும் சொல்ல முடியாது. ஆனா உன் தலைக்கும் இந்தக் காலுக்கும் நடுவுல ஏதோ ஒரு இழை அறுந்து போகாம இருக்கு. நாளைக்கே பெரிய டாக்டர்கிட்ட காட்டணும். மாமா! மாமா, உள்ள...

— கத்தாதே. கதவைச் சாத்து.

— ஏன்க்கா? அவருக்குச் சொல்ல வேணாமா?

— சொல்லலாம். விழுந்ததுலேருந்து நான் இன்னும் அழவே இல்லடா. முதல்ல கொஞ்சம் அழுதுக்கறேன்.